பக்கெட்டில் போன நீலம்

கேள்வி: சில மாதங்களாக, மருந்து பூசிய தாளில் இலைகளை வைத்து வெயில் காட்டி, சயனோடைப் என்ற நீலநிறப் பிரிண்ட் போட்டு வருகிறேன். வெயிலிலிருந்து எடுக்கும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அலசும்போதுதான் கெட்டுப்போகிறது. போன வாரம் 10 பிரிண்ட்டுகளை ஒரே பக்கெட் தண்ணீரில் போட்டேன். நீலம் வந்துகொண்டே இருந்ததால், அது நிற்கட்டும் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டேன். பிறகு இரும்பு கிளிப் மாட்டி அறைக்குள் கயிற்றில் தொங்கவிட்டேன். மறுநாள் பார்த்தால் நான்கு வெளுத்துவிட்டன. மூன்றில் இலை இருந்த இடம் வெள்ளையாக இல்லாமல் மஞ்சளாக இருக்கிறது, கீழ் ஓரத்திலும் மஞ்சள் பட்டை. ஜன்னலருகே தொங்கியதில் அந்த மஞ்சள் பச்சை கலந்த நீலமாக மாறிவிட்டது. கிளிப் கடித்த இடங்களில் கருநீலப் புள்ளிகள். எல்லாத் தாளும் சுருண்டுவிட்டது. சரியாக எத்தனை நிமிடம் அலச வேண்டும்? வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் சேர்க்கலாமா? அடுத்து பருத்தித் துணியில் போட ஆசை, அதை எப்படித் துவைப்பது?

பதில்: கடிதத்தைப் படித்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பக்கெட்தான். ஒரே தண்ணீர், ஒரே நேரம். ஆனால் நான்கு பிரிண்ட் வெளுக்கிறது, மூன்றில் மஞ்சள் நிற்கிறது. வெளுத்தவை தேவைக்கு மேல் அலசப்பட்டவை. மஞ்சள் நின்றவை அலசப்படவே இல்லாதவை. பக்கெட்டில் தாள்களை மொத்தமாகப் போட்டால் வெளிப்பக்கம் கிடப்பவை தண்ணீரில் ஆடிக்கொண்டே இருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடையில் தண்ணீர் போக வழி இருக்காது. ஒரு மணி நேரம் இல்லை, ஒரு நாள் போட்டாலும் அவை நனைந்திருக்குமே தவிர அலசப்பட்டிருக்காது. அதனால் எத்தனை நிமிடம் என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒத்தி வைக்கிறேன். எதைப் பார்த்து நிறுத்துவது என்பதைச் சொல்லிவிட்டால் நிமிடக் கணக்கு தானாக வந்துவிடும்.

தாளில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நாம் பூசுவது இரண்டு உப்புகள்: ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. வழக்கமான கலவையில் முதலாவதை 100 மில்லி தண்ணீருக்கு 25 கிராம், இரண்டாவதை 100 மில்லிக்கு 10 கிராம் என்று தனித்தனியாகக் கரைத்து, பூசும்போது சம அளவில் கலப்போம். புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பு வேறு நிலைக்கு மாறி, பக்கத்திலிருக்கும் ஃபெர்ரிசயனைடோடு சேர்ந்து பிரஷ்யன் நீலமாகிறது. அது தண்ணீரில் கரையாது. இலை மறைத்த இடத்தில் இரண்டு உப்புகளும் மாறாமல் மஞ்சளாகவே இருக்கும். அவை தண்ணீரில் நன்றாகவே கரையும். 1842இல் ஜான் ஹெர்ஷல் இந்த முறையைக் கண்டுபிடித்தபோது அதன் பெரிய வசதியே இதுதான். படத்தை நிலைநிறுத்த வேறு மருந்து தேவையில்லை, தண்ணீர் போதும். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாளின் மேல் வைத்து இதே முறையில் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். நீங்கள் இலையை வைத்துச் செய்வதும் அதே வேலைதான்.

ஆக அலசுவது என்றால் மஞ்சள் உப்பை வெளியேற்றுவது. அவ்வளவே. நீங்களோ நீலம் நிற்கட்டும் என்று காத்திருந்திருக்கிறீர்கள். கரையாது என்றேனே, பிறகு தண்ணீரில் நீலம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கரையாதுதான். ஆனால் பிரஷ்யன் நீலம் மிக நுண்ணிய துகள். தாளின் நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டது நிற்கும். மேலோட்டமாக உட்கார்ந்திருப்பது மிதந்து வந்துவிடும். எவ்வளவு நேரம் அலசினாலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டேதான் இருக்கும். அது நிற்பதற்காகக் காத்திருந்தால் கடைசியில் தாளில் நீலமே மிஞ்சாது. உங்கள் நான்கு பிரிண்ட்டுக்கும் நடந்தது அதுதான்.

முதல் தண்ணீரிலேயே நீலம் மேகம் மேகமாகக் கிளம்பினால் அது அலசலின் குற்றம் இல்லை. வெயில் போதவில்லை, அல்லது கோட்டிங் தடிமனாகித் தேங்கிவிட்டது, அல்லது அந்தத் தாள் கரைசலை உள்ளே இழுக்கவில்லை. பிரஷ்ஷில் பூசிய பிறகு மேலே பளபளவென்று ஈரம் தேங்கி நிற்கிறதென்றால் அது அதிகம். அதே பிரஷ்ஷை வடித்துவிட்டு, தேங்கியதை ஒற்றி எடுத்துவிட வேண்டும். வெயிலில் வைக்கும்போதும் பயப்படாமல் கூடுதலாக வையுங்கள். இலையைச் சுற்றியுள்ள பகுதி நீலத்தைத் தாண்டி சாம்பல் கலந்த வெண்கல நிறத்துக்கு வரும் வரை விடலாம். கெட்டுவிட்டதோ என்று தோன்றும். அலசலில் போகப்போவதையும் சேர்த்துத்தான் நாம் வெயிலில் வாங்குகிறோம்.

சரி, மஞ்சள் போனதா என்று எப்படித் தெரியும்? தண்ணீரின் நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். டிரேயில் ஒரு லிட்டர் தண்ணீர் இருந்தால் லேசான மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. நான் இரண்டு இடங்களைப் பார்ப்பேன். ஒன்று, கோட்டிங்கின் ஓரம். பிரஷ் இழுத்து நிறுத்திய அந்த ஒழுங்கற்ற விளிம்பில்தான் கரைசல் அதிகமாகச் சேர்ந்திருக்கும். அந்த ஓரத்தில் ஓர் இடத்தையாவது வெயில் படாமல் மறைத்து வையுங்கள். மஞ்சள் கடைசியாக விட்டுப்போகும் இடம் அதுதான், படத்தின் நடுவை விட அதுவே உண்மையைச் சொல்லும். இன்னொன்று, சொட்டு. பிரிண்ட்டை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கி, வடிய விட்டு, கடைசியாகச் சொட்டும் ஏழெட்டுத் துளிகளை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் பிடியுங்கள். வெள்ளைப் பின்னணியில் அந்தச் சிறு குளம் துளி மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிந்தால் இன்னொரு தண்ணீர் மாற்ற வேண்டும். தெளிவாக இருந்தால் நிறுத்திவிடலாம். நீலச் சாயல் இருந்தால் கவலைப்படாதீர்கள், அது வேறு கணக்கு. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். தடித்த தாளில் உப்பு பின்னால் வரை இறங்கியிருக்கும்.

இப்படிப் பார்த்து நிறுத்தினால் மெல்லிய தாளுக்கு 5 முதல் 10 நிமிடம் ஆகும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாட்டர்கலர் தாள் போன்ற தடித்ததற்கு 15, 20 நிமிடம். நீங்கள் கேட்ட நிமிடக் கணக்கு இதுதான். ஆனால் இந்த எண்களைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டாம், தட்டில் விழும் சொட்டையே நம்புங்கள்.

அடுத்து தண்ணீர். உங்கள் கடிதத்தில் எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை. எனக்கு அதுதான் சந்தேகம். பிரஷ்யன் நீலத்துக்கு அமிலம் ஒத்துக்கொள்ளும், காரம் ஆகவே ஆகாது. காரம் பட்டால் நீலம் உடைந்து, இரும்பின் மஞ்சள் பழுப்பு மட்டும் தாளில் மிஞ்சும். கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வெளுத்த நான்கில் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். கால் கப் தண்ணீரில் ஒரு சிட்டிகை சலவை சோடாவைக் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் நீலப் பகுதியில் ஒரு கோடு இழுங்கள். கோடு போட்ட இடத்தில் நீலம் கரைந்து மஞ்சளாகும். அலசினால் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும். பொறியாளர்கள் இதே முறையில் அச்சிட்ட நீலநிற வரைபடங்களைப் (புளூபிரிண்ட்) பயன்படுத்திய காலத்தில் திருத்தங்களை இப்படித்தான் எழுதினார்கள். அவர்கள் கையில் இருந்தது சோடாக் கரைசல் தொட்ட பேனா. வரைபடத்தில் வெள்ளையாகத் தெரியும் கோடு, மை போட்டு வந்தது இல்லை, நீலத்தைத் தின்று வந்தது.

கடினத் தண்ணீரில் இதே வேலை மெதுவாக நடக்கிறது. பைகார்பனேட் நிறைந்த தண்ணீர் லேசான காரம். 5 நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரத்தில் தெரியும். எனக்கே இது பட்டறிவுதான். ஒருமுறை வேலை செய்யும் இடத்தை மாற்றினேன். அதே தாள், அதே மருந்து, அதே டிரே. ஆனால் பிரிண்ட் எல்லாம் நோயாளி போல வெளிறி வந்தது. மருந்து பழசாகிவிட்டது என்று புதிதாக வாங்கினேன். தாளை மாற்றினேன். வெயில் நேரத்தைக் கூட்டினேன். மூன்று வாரம் இப்படிப் போனது. ஒருநாள் வேலை முடிந்து கை கழுவும்போது சோப்பு நுரைக்கவே இல்லை, கையில் வெள்ளையாகத் திரிந்து ஒட்டியது. அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கே ஒரு பிரிண்ட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குழாய்த் தண்ணீரிலும் மறுபாதியை வடிகட்டிய குடிதண்ணீரிலும் 20 நிமிடம் போட்டேன். காய்ந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே படத்தின் இரண்டு பாதி என்று யாரும் நம்பமாட்டார்கள். நீங்களும் இதைச் செய்து பாருங்கள். வேறெந்தச் சோதனையும் வேண்டாம்.

தண்ணீர் கடினம் என்று தெரிந்தால் வழி சுலபம். இங்கேதான் வினிகர் வருகிறது. முதல் டிரேயில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 மில்லி சாதாரண வெள்ளை வினிகர் விடுங்கள். அல்லது அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம். காரம் அடங்கிவிடும், நீலம் பிழைக்கும். அதோடு வெளிர் நீல நிழல்கள் கூடுதலாகத் தங்கி, படம் கொஞ்சம் மென்மையாக வரும். இலையின் வெளிக்கோடு மட்டும் போதும் என்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. மெல்லிய இதழ் வழியே ஒளி ஊடுருவி நரம்பெல்லாம் பதிந்திருக்கிறதென்றால் வித்தியாசம் தெரியும். அதிகம் ஊற்றினால் அதிக நன்மை என்று கிடையாது. முழு வினிகரில் அலசினால் அடர்நீலத்துக்கும் வெளிர்நீலத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடே மங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை. ஃபெர்ரிசயனைடு பெயரைப் பார்த்துப் பயப்படும் அளவுக்கு நச்சு இல்லை. ஆனால் வீரியமான அமிலமோ சூடோ சேர்ந்தால் அதிலிருந்து நச்சு வாயு வரும். நீர்த்த வினிகர், சிட்ரிக் அமிலம் தாண்டி வேறு எதற்கும் போகாதீர்கள். தரை கழுவும் ஆசிட்டை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கையுறை போடுங்கள். அலசும் டிரேயும் அந்த வெள்ளைத் தட்டும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

தண்ணீரில் இன்னொரு வில்லன் இரும்பு. சில ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும்போது தெளிவாக இருக்கும், பக்கெட்டில் பிடித்து வைத்தால் சில மணி நேரத்தில் செம்மண் கரைத்தது போலாகும். அந்தத் தெளிந்த நிலையில் கரைந்திருப்பது, நம் வெயில் உருவாக்குகிறதே, அதே நிலையிலுள்ள இரும்பு. தாளில் மிச்சமிருக்கும் ஃபெர்ரிசயனைடைப் பார்த்ததும் வெளிச்சமே இல்லாமல் நீலமாகிவிடும். வெள்ளை எல்லாம் லேசாக நீலம் பாய்ந்தது போல வரும், எவ்வளவு அலசினாலும் போகாது. அப்படிப்பட்ட தண்ணீர் என்றால் முதல் இரண்டு அலசலுக்கு மட்டுமாவது வடிகட்டிய தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் போன பிறகு அவ்வளவு ஆபத்து இல்லை.

உங்கள் கிளிப் புள்ளியும் இதே கதைதான். நன்றாக அலசிய பிரிண்ட்டில் இரும்பு கிளிப் போட்டால் துருவின் பழுப்புக் கறைதான் விழும். உங்களுக்கு கருநீலப் புள்ளி விழுந்திருக்கிறது. தாளில் மருந்து மிச்சம் இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பிளாஸ்டிக் கிளிப் அல்லது மர கிளிப் மாட்டுங்கள். மர கிளிப்பின் நடுவே இருக்கும் கம்பிச் சுருள் தாளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனாமல் பெயர்ந்த டிரேயும் வேண்டாம், பிளாஸ்டிக் போதும்.

இப்போது நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். வெயிலிலிருந்து எடுத்த பிரிண்ட்டை நேராக நிழலுக்குள் கொண்டுபோவேன். வெளியிலேயே டிரேயை வைத்து அலசுவது பலர் செய்யும் தவறு. கரைந்து போகாத மஞ்சள் ஈரமாக இருந்தாலும் வெயில் வெளிச்சம் பட்டால் நீலமாகிவிடும். அறை விளக்கு பரவாயில்லை. வினிகர் கலந்த முதல் டிரேயில் பிரிண்ட்டை ஒரே வீச்சில், தயங்காமல், முழுவதும் முழுகும்படி விட வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்தக் கோடு படத்தில் நிற்கும். படப்பக்கம் கீழே பார்த்தபடி போடுவேன். உப்பு கனமாகக் கீழே இறங்கும், படத்தின் மேல் படியாது. ஆனால் அடியில் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் அலசல் நடக்காது. பிறகு வட்டமாக மஞ்சள் புள்ளி தெரியும். அதனால் போட்டதும் ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் இறக்குவேன். டிரேயின் ஒரு முனையைத் தூக்கித் தூக்கி மெதுவாக அலை விடுவேன். இரண்டு மூன்று நிமிடத்தில் தண்ணீர் மஞ்சள் பச்சையாகிவிடும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். இப்படி மூன்று நான்கு முறை மாற்றினால் பெரும்பாலும் தட்டில் சொட்டு தெளிந்துவிடும். ஒரு டிரேயில் ஒரு பிரிண்ட். மிஞ்சினால் இரண்டு, அதுவும் முதுகோடு முதுகு.

குழாயைத் திறந்து படத்தின் மேல் நேரே பாய்ச்சாதீர்கள். ஈரத்தில் தாளின் நார் தளர்ந்திருக்கும், தண்ணீர் விழுந்த இடத்தில் நீலம் பெயர்ந்து வெளிறிய வட்டம் விழும். ஓடும் தண்ணீர்தான் வேண்டுமென்றால் டிரேக்குள் ஒரு கப்பைக் கவிழ்த்து அதன் மேல் விழச் செய்யுங்கள். வெந்நீரும் வேண்டாம்.

பெராக்சைடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அலசி முடிந்த ஈரப் பிரிண்ட் வெளிறிய நீலமாக இருக்கும். அதில் ஒரு பகுதி நிறமில்லாத நிலையில் ஒளிந்திருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு ஒரு நாளில் அது நீலமாகும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை லிட்டருக்கு 10, 20 மில்லி கலந்து அதில் பிரிண்ட்டை இறக்கினால், ஒரு நாள் வேலை சில நொடிகளில் நடந்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வானம் இருட்டுவது போல நீலம் ஏறும். பார்க்க அழகு. அரை நிமிடம் விட்டு எடுத்து, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசிவிடுங்கள். ஆனால் ஒன்று: இது பெரும்பாலும் அவசரத்தைத் தீர்க்கும், அவ்வளவுதான். நாளைக்குத் தானாக வரப்போகும் நீலத்தை இன்றைக்கே காட்டுகிறது. அலசலில் போன நீலத்தை மீட்காது. மஞ்சள் மிச்சமிருந்தால் அதையும் போக்காது. வரைபடம் அச்சிட்ட காலத்தில் இதற்கு பொட்டாசியம் டைகுரோமேட் பயன்படுத்தினார்கள். பழைய குறிப்புகளில் அது கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள். புற்றுநோய் தரக்கூடிய நச்சு அது.

பெராக்சைடு போடாதவர்கள் ஈரப் பிரிண்ட்டைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. வெளிறிவிட்டதே என்று அடுத்த தாளை இன்னும் பத்து நிமிடம் வெயிலில் வைத்துவிடுவோம். காய்ந்து ஒரு நாள் ஆன பிறகு பார்த்தால் முதலாவதே சரியாக இருந்திருக்கும்.

உலர்த்துவது. தண்ணீரிலிருந்து எடுத்து மூலையில் பிடித்து ஒரு நிமிடம் வடிய விடுங்கள். பிறகு சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணி அல்லது ஒற்றுத்தாளின் மேல் வைத்து, மேலே இன்னொன்றைப் போட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது. இந்த ஒற்றல் ஒரு சின்ன வேலைதான், ஆனால் உங்கள் கீழ் ஓர மஞ்சள் பட்டைக்குக் காரணமே இதைச் செய்யாததுதான். தொங்கவிட்ட தாளில் தண்ணீர் எல்லாம் கீழ் விளிம்புக்கு இறங்கி அங்கே கடைசியாக ஆவியாகிறது. தண்ணீரில் கரைந்திருந்த மிச்ச உப்பும் அதோடு இறங்கி, தண்ணீர் போனதும் அங்கேயே தங்கிவிடுகிறது. சட்டை காய்ந்த பிறகு வியர்வை விளிம்பு தெரிகிறதே, அது போல. நன்றாக அலசியிருந்தால் பட்டை வராது. ஒற்றியும் எடுத்தால் இன்னும் நிச்சயம்.

எனக்குத் தொங்கவிடுவதை விடக் கிடத்தி உலர்த்துவதே பிடிக்கும். ஒரு மரச் சட்டத்தில் நைலான் வலையை இழுத்துக் கட்டி, அதன் மேல் படம் மேலே பார்த்தபடி வைத்துவிடுவேன். இரண்டு பக்கமும் காற்று படும். ஒரே சீராகக் காய்ந்தால் தாள் அவ்வளவாகச் சுருளாது. ஹேர் டிரையர், மின்விசிறிக் காற்று நேரே படுவது, வெயில் எல்லாமே ஒரு பக்கத்தை முதலில் காயவைத்துத் தாளை வளைக்கும். வெயிலில் இன்னொரு கெடுதலும் உண்டு, அதை உங்கள் ஜன்னல் பிரிண்ட்டே காட்டிவிட்டது. மிச்சமிருந்த மஞ்சள் அங்கே இரண்டாம் முறை எக்ஸ்போஸ் ஆகிவிட்டது.

சுருண்டவற்றுக்குக் கவலை வேண்டாம். தாளின் பின்பக்கம் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிடம் விட்டு, இரண்டு வெள்ளை ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, சமமான பலகை, மேலே கனமான புத்தகங்கள். அடுத்த நாள் ஒற்றுத்தாளை மாற்றி இன்னும் ஒரு நாள். முழுக்கக் காயாமல் மூடிவைத்தால் பூஞ்சை வரும் என்பதால் அந்த மாற்றத்தைத் தவறவிடாதீர்கள்.

இப்போது உங்கள் 10 பிரிண்ட்டுகள். மஞ்சள் நின்ற மூன்றில், இன்னும் மஞ்சளாகவே இருப்பவற்றைக் காப்பாற்றலாம். வெளிச்சம் படாமல் எடுத்துவைத்து, இன்றைக்கே வினிகர் தண்ணீரில் தொடங்கி மேலே சொன்னபடி தனித்தனியாக அலசிவிடுங்கள். பட்டையில் பாதிக்கு மேல் போய்விடும். ஜன்னலருகே பச்சை நீலமாக மாறியதை விட்டுவிடுங்கள், அது இப்போது கரையாத நீலம். வெளுத்த நான்கில், நீலமே இல்லாமல் மஞ்சள் பழுப்பாகத் தெரியும் இடங்கள் இருந்தால் அது காரத்தின் வேலை. சிட்ரிக் அமிலக் கரைசல் அந்தப் பழுப்பைக் கொஞ்சம் நீக்கும், போன நீலம் திரும்பி வராது. வெறுமனே வெளிறியது என்றால் வேறு வழி இல்லை. ஆனால் சுவரில் மாட்டி வெயிலடித்து வெளுத்த பிரிண்ட் வேறு ரகம். அதை ஓர் இருட்டான அலமாரியில், காற்றுப் புகும்படி சில நாள் வைத்தால் நீலம் பெரும்பாலும் திரும்பிவிடும். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காய்ந்த பிரிண்ட்டைச் சேமிக்கும்போதும் காரத்தை மறக்காதீர்கள். புகைப்படம் பாதுகாக்க என்று விற்கப்படும் பல உறைகளிலும் அட்டைகளிலும் சுண்ணாம்புச் சத்து சேர்த்திருப்பார்கள். மற்றப் படங்களுக்கு அது நல்லது, சயனோடைப்புக்கு ஆகாது. காரம் சேர்க்காத, அமிலமும் இல்லாத பருத்தித் தாள் என்று கேட்டு வாங்குங்கள். பிரிண்ட் போடத் தாள் வாங்கும்போதும் இதே கேள்வி. என்ன அலசினாலும் நீலம் மங்குகிறது என்பவர்களில் சிலருக்குக் கோளாறு தாளுக்குள்ளேயே இருக்கும்.

கடைசியாக, துணி. பூசுவதற்கு முன்பே துணியை நன்றாகத் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும். துவைத்த சோப்பு துளியும் மிஞ்சாமல் அலசுங்கள், அந்த மிச்சமே பிறகு நீலத்தைத் தின்னும். அச்சிட்ட பிறகு முதல் அலசல் தாளை விட நீளும். நூலின் முறுக்குக்குள் உப்பு ஒளிந்திருக்கும். தையல் மடிப்பு இருந்தால் அதைவிட மோசம். தண்ணீருக்குள்ளேயே மெதுவாகக் கசக்கி, மடிப்பைப் பிரித்துப் பிரித்து அலசி, பிழிந்த தண்ணீரைத் தட்டில் பாருங்கள். அதன் பிறகு வாழ்நாள் முழுக்கச் சலவைத்தூள் கூடாது, அதில் சோடா இருக்கிறது. பிளீச்சிங் கூடவே கூடாது. காரமில்லாத திரவ சோப்பு, பச்சைத் தண்ணீர், கையால் துவைத்து நிழலில் உலர்த்துதல். இஸ்திரி போட வேண்டுமென்றால் பின்பக்கம், குறைந்த சூட்டில், மேலே ஒரு துணி விரித்து. அந்தத் துணியை மற்றத் துணிகளோடு ஒரே தொட்டியில் ஊறப்போடாதீர்கள். அந்தப் பக்கெட் அனுபவத்துக்குப் பிறகு இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.